வாடைப் பக்கம்

நம் மலை ஏரிப் படகுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பதினோரு பிள்ளைகளுக்கும்,

உங்கள் துறையில் முப்பத்திரண்டு வருஷம் துடுப்பு வலித்தவன் எழுதுகிறேன். கடைசிப் பத்து வருஷம் துறைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. எந்தப் படகு யாரை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. போன சித்திரையோடு ஓய்வு பெற்றேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு எதையாவது எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இருந்ததில்லை, போன செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும்.

உங்கள் பதினோரு பேரில் ஒருத்தி என் மகள். அது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுப்பு. மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். கருவாட்டுக் குழம்பு. ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நேத்து ட்ரெயினிங்ல ஒரு கதை சொன்னாங்க. எல்லாரும் ஒரே சிரிப்பு."

"என்ன கதை?"

"எட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு கடல்காரரு குடும்பத்தோட வந்தாராம். எனக்குத் தெரியாத தண்ணியான்னு போட்டை வாங்கிக்கிட்டு அவரே ஓட்டிட்டுப் போயிட்டாராம். மிஸ்ட் எறங்கிருச்சு. போன் பண்ணி, தெக்க நின்னுக்கிட்டு இருக்கேன்னு சொன்னாராம். ஆளு நின்னது வடக்க! கடல்லயே திசை பாக்குற ஆளு, நம்ம ஏரியில தொலைஞ்சு போயிட்டாருப்பா."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அப்படின்னு யாரு சொன்னா?"

"நோட்ஸ்லயே இருக்கு. பழைய ரிப்போர்ட்ல இருந்து எடுத்ததாம். 'பயணி தாம் இருந்த இடத்தைத் தவறாகத் தெரிவித்ததால் மீட்பில் தாமதம் ஏற்பட்டது.' அதனால பயணி சொல்றத அப்படியே நம்பக் கூடாதாம்." குழம்பில் இன்னொரு துண்டைத் தேடினாள். "ஏம்ப்பா, சாப்பிடலையா?"

பிள்ளைகளா, அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அதற்குக் கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது. அது ஏதோ ஒரு அலமாரியில் கிடந்து மட்கிப் போயிருக்கும் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்து என் மகளுக்கே பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவள் அதைச் சொல்லி என் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறாள்.

நடந்தது இதுதான்.

மார்கழி மாதம், அரையாண்டுப் பரீட்சை விடுமுறை. துறையில் நல்ல கூட்டம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட மனைவி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள். மற்றவர்கள் எல்லாரும் ஃபைபர் படகைப் பார்த்து ஓட, அவர் மட்டும் ஓரமாகக் கட்டிக் கிடந்த பழைய மரப் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பலகைகள் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எங்கூரு ஓடாவி வேலை மாதிரி இருக்கே."

"ஓடாவின்னா யாருங்க?"

"படகு செய்யுற ஆசாரி. இந்தப் பஞ்சு அடைச்சிருக்க தினுசு இருக்குல்லா, இத மலைக்காரன் செய்ய மாட்டான். இது உப்புத் தண்ணிக்காரன் கை."

அந்தப் படகைக் கடற்கரையிலிருந்து வரவழைத்த ஒரு தச்சர்தான் செய்தார் என்று நான் வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு ஒரு ஆள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய அப்பா பாய்த்தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவராம். இன்ஜின் கிடையாது, காற்றுதான். அந்தத் தோணிகள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும்போது பாய்மரங்கள் தோப்பு மாதிரி தெரியும் என்று சொன்னார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் துடுப்பு வலிக்கிறேன், கடலில் ஒருமுறைகூடக் கால் நனைத்ததில்லை.

"இத நானே ஓட்டிட்டு ஒரு சுத்து வரட்டுமா அண்ணாச்சி?" என்றார்.

துடுப்புப் படகு எதுவாக இருந்தாலும் நம் ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். அன்றைக்கும் அதுதான் விதி. நான், "தாராளமா போயிட்டு வாங்க" என்றேன். கடல்காரருக்கு ஏரியில் காவல் போடுவதா என்று தோன்றிவிட்டது. மனைவியும் மகளும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். அவர் தன்னுடையதை வாங்கி, மனைவி உட்காரும் பலகையில் மெத்தைபோல வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதல் தப்பு இது. நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், அது என்னுடைய தப்பு. அவர் கேட்டார். கொடுத்தது நான்.

முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும். பனிமூட்டம் இறங்கியது. நம் ஊர் மூட்டம் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது, துறைப் பலகையின் இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாத மூட்டம். மணியை விடாமல் அடித்தோம். சத்தம் கேட்ட பக்கமாக ஒவ்வொரு படகாக வந்து சேர்ந்தது. எண்ணிப் பார்த்தேன். மரப் படகைக் காணவில்லை.

அப்போது சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் போன் அடித்தது. சீட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பர். அங்கே உட்கார்ந்திருந்த அக்கா எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, நான்தான், தோணிக்காரர் மவன்."

"சொல்லுங்கய்யா, எங்க இருக்கீங்க?"

"ஒரு துடுப்பு கை நழுவிப் போயிட்டு. பயப்பட ஒண்ணுமில்ல. வாடைப் பக்கம் கரைய ஒட்டி நிக்கோம். ஒரு ஆள அனுப்பி விடுங்க."

"வாடைப் பக்கமா?"

"ஆமா, வாடைப் பக்கம்."

"வாடைதானே?"

"வாடையேதான், அண்ணாச்சி."

லைன் அறுந்துவிட்டது. எனக்குக் கவலையே வரவில்லை. ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேனே!

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது நீங்கள் மதகு முனை என்று சொல்கிறீர்களே, ஏரியின் தெற்குக் கோடி, அதற்கு அன்றைக்கு எங்களிடம் வேறு பெயர். தண்ணீர் வழிந்து போகும் இடம் என்பதால் பாசியும் தாமரைத் தண்டும் வந்து ஒதுங்கி அழுகும். கிட்டப் போனால் குடலைப் புரட்டும் நாற்றம். நம் ஊர்ப் பேச்சில் நாற்றத்துக்கு என்ன சொல்வோம்? வாடை. அதனால் அது வாடை முனை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த பெயர், துறைக்குள்ளேயே புழங்கிய பெயர்.

வெளியூரிலிருந்து முதல்முறை வந்த ஒரு மனிதருக்கு எங்கள் துறைப் பெயர் எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி என் புத்தியில் எழவே இல்லை. மூக்கு இருக்கிறதே, அதுவே சொல்லியிருக்கும் என்று நானாகப் பதிலையும் வைத்துக்கொண்டேன்.

துறையில் மோட்டார் படகு நின்றது. அதை எடுக்கவில்லை. கண் தெரியாத மூட்டத்தில், தண்ணீரில் ஆள் கிடந்தால் அதன் அடியில் சுற்றும் விசிறி ஆளை அறுத்துவிடும். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பூம்பாறைக்காரத் தம்பி ஒருவனைக் கூட்டிக்கொண்டு துடுப்புப் படகில் தெற்கே கிளம்பினேன். அவன் வாய் சும்மா இருக்காது.

"கடல்காரரு மூக்கப் பொத்திக்கிட்டுல ஒக்காந்திருப்பாரு. வெரசா இழுங்கண்ணே, பாவம்."

"ஏலே, கருவாட்டு ஊர்க்காரருக்கு இதெல்லாம் ஒரு நாத்தமா?"

சிரித்துக்கொண்டே போனோம். ஆம், சிரித்துக்கொண்டேதான்.

முனையில் போய் நின்றால் யாரும் இல்லை. கூப்பிட்டோம். எங்கள் குரலே திரும்பி வந்தது. சீட்டு ஜன்னலுக்குப் போன் போட்டு அவர் நம்பரை வாங்கி அடித்தேன். தொடர்பில் இல்லை.

"அண்ணே, இங்க ஈ காக்கா இல்ல," என்றான் தம்பி.

"இங்கதான் இருக்கணும். நகந்திருப்பாரு. கரையோரமா பாப்போம்."

பாசிக்குள் துடுப்பைக் குத்திக் குத்தி அந்த முனை முழுக்கத் தேடினோம். தேடத் தேட எனக்குக் கோபம் வந்தது. "பெரிய கடல்காரன்! சொன்ன எடத்துல நிக்கத் தெரியல," என்று சத்தமாகவே சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்த சொல். தம்பி இன்றைக்கும் உங்கள் துறையில்தான் இருக்கிறான், கேட்டுப் பாருங்கள்.

ஆளைக் காணவில்லை என்றதும், காதில் விழுந்த சொல் சரிதானா என்று நான் ஒரு நொடி யோசித்திருக்க வேண்டும். நானோ சொல்லை நம்பி, மனிதரைச் சந்தேகப்பட்டேன்.

அதே நேரத்தில் ஏரியின் வடக்குக் கோடியில் என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அவர் காத்திருந்து பார்த்திருக்கிறார். யாரும் வரவில்லை. காற்று படகைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மூட்டத்துக்குள்ளிருந்து சாலையில் ஒரு கார் ஹாரன் கேட்டிருக்கிறது, பக்கத்தில் கேட்பதுபோல. படகின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கடலில் எத்தனையோ முறை வள்ளத்தை நீந்தியே இழுத்தவர், இந்தக் குளத்தில் இழுக்க முடியாதா?

நம் ஏரித் தண்ணீர் மார்கழியில் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? அது இழுக்காது, புரட்டாது, அலை அடிக்காது. பேசாமல் கிடந்து, கையையும் காலையும் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். நாலு வீச்சு நீந்தியிருப்பார், உடம்பு சொன்னதைக் கேட்கவில்லை. எப்படியோ திரும்பி வந்து படகின் விளிம்பைப் பிடித்திருக்கிறார். ஏற முடியவில்லை. மனைவி இழுத்துப் பார்த்ததில் படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. "இழுக்காத, நீயும் விழுந்துருவ," என்று தடுத்துவிட்டார். அப்புறம் மகளைப் பார்த்து, "என் கையக் கட்டிப் போடுளா. இனி எனக்குப் பிடிக்க முடியாது," என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிள்ளை தன் துப்பட்டாவை உருவி, அப்பாவின் மணிக்கட்டைத் துடுப்பு மாட்டும் இரும்பு வளையத்தோடு சேர்த்துக் கட்டியது. பன்னிரண்டு வயது. கட்டி முடித்துவிட்டு, நனைந்துபோன சீட்டைத் திருப்பி நம்பரைப் பார்த்து, அம்மாவின் போனிலிருந்து துறைக்குக் கூப்பிட்டது.

எடுத்தது சீட்டு கொடுக்கும் அக்கா. அவருடைய குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். துறையில் இருபது வருஷம் இருந்தும் ஒருநாள்கூடப் படகில் ஏறியதில்லை. எங்கள் முனைப் பெயர்கள் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. அதை வைத்து நாங்கள் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அன்றைக்கு அந்த மூன்று பேரைக் காப்பாற்றியது அவருடைய தெரியாமைதான். பெயர் தெரியாததால் அவர் இப்படிக் கேட்டார்:

"பயப்படாதீங்க மகள். இப்ப உங்க கண்ணுக்கு முன்னுக்கு என்ன தெரியுது? அத மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணுந் தெரியல அக்கா. வெள்ளையா இருக்கு. ஒரு பெரிய மரம் தண்ணியில படுத்துக் கெடக்கு."

"மரத்துல இலை இருக்கா, மொட்டையா?"

"மொட்டை. அதுல ஒரு டயரு தொங்குது."

டயர் தொங்கும் மொட்டை மரம் எது என்று மணி அடித்துக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டிருக்கிறார். அவன் உடனே சொல்லிவிட்டான். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க?"

"வாடை முனையில. ஆளக் காணோம்."

"அங்க இல்ல. வடக்க, டயர் கட்டின மரத்துக்கிட்ட. ஆள் தண்ணிக்குள்ள கிடக்காரு."

"வடக்கயா? எங்கிட்ட வாடைன்னு மூணு தடவ..."

"அவங்க ஊர்ல வாடைன்னா வடக்காம்! நானும் அதத்தான் கேட்டேன், 'வாடைன்னா வடக்குதானே அக்கா'ன்னு அந்தப் பிள்ளை சொல்லுது. கதைச்சிட்டு நிக்காதீங்கண்ணே, இழுங்க!"

வாடைக்காற்று என்பது நானும் அறிந்த சொல்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று என்று. காற்றைப் பார்த்துப் பிழைக்கும் மனிதர் ஒருவர், காற்றின் பெயராலேயே எனக்குத் துல்லியமாகத் திசை சொல்லியிருக்கிறார். நான் அதை மூக்கால் கேட்டிருக்கிறேன்.

"என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றான் தம்பி.

"வடக்காம்டா."

அவன் பேச்சை விட்டுத் துடுப்பைப் பிடித்தான்.

தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடி. நம் ஏரியில் அதைவிட நீளமான ஓட்டம் கிடையாது. துறை மணியை இடது காதில் கேட்டு, அது பின்னால் போகும் வரை வலித்து, அதன் பிறகு குத்துமதிப்பாகவே போனோம். மரம் கிட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று துடுப்பை நிறுத்திக் காது கொடுத்தேன். மூட்டத்துக்குள் ஒரு சிறுபிள்ளையின் குரல் கேட்டது. அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாடைக்கு எதுத்தாப்ல என்னப்பா? சொல்லுங்கப்பா. வாடைக்கு எதுத்தாப்ல?"

ரொம்ப நேரம் கழித்து ஒரு ஆண் குரல், குளறிக்கொண்டு: "சோ... சோழகம்."

"கொண்டலுக்கு எதுத்தாப்ல?"

பதில் இல்லை.

"அப்பா, கொண்டலுக்கு எதுத்தாப்ல? தூங்காதீங்கப்பா!"

அப்பா தூங்கிவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை அவர் சொல்லிக் கொடுத்த காற்றுப் பெயர்களை அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காற்றும் ஒரு திசை; சோழகம் தெற்கு, கொண்டல் கிழக்கு.

போய்ச் சேர்ந்தோம். அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. துப்பட்டா முடிச்சு நனைந்து இறுகி அவிழ மாட்டேன் என்றது. தம்பி கத்தியை எடுத்தான், எடுத்தவன் தயங்கினான். "வெட்டுங்கண்ணே!" என்று அந்தப் பிள்ளைதான் கத்தியது. வெட்டிவிட்டுத் தூக்கினோம். அந்த முடிச்சு இல்லாவிட்டால் நாங்கள் போனபோது தூக்குவதற்கு அங்கே ஆள் இருந்திருக்க மாட்டார்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நடுக்கம் நிற்கவே ஒரு பகல் ஆனது. நினைவு வந்ததும் என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "உப்பும் இல்ல, அலையும் இல்ல. என்ன தண்ணி அண்ணாச்சி இது!"

இது வரைக்கும் உள்ள தப்பு அவசரத்தில் நடந்தது. இனிமேல் சொல்லப்போவது அவசரத்தில் நடந்ததில்லை. நிதானமாக, நாற்காலியில் உட்கார்ந்து செய்தது.

அப்போதிருந்த மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் இப்போது இந்த ஊரிலேயே இல்லை. தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். உங்கள் பாடத்தில் இருக்கும் அந்த வாக்கியம் அதில் இருந்தது. படகை நான் ஆளில்லாமல் கொடுத்தது அதில் இல்லை. வாடை முனை இல்லை.

"சார், அவரு தப்பா சொல்லல. நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்."

"அவரு சொன்ன எடத்துக்குத்தானே போனீங்க?"

"ஆமா சார்."

"அங்க அவரு இருந்தாரா?"

"இல்ல சார்."

"அப்ப இதுல என்ன பொய் இருக்கு? ஆளில்லாம போட்டை குடுத்தது வெளிய வந்தா ஒங்க வேலை நிக்காது. பொம்பளப் புள்ள படிக்குதுல்ல? போடுங்க."

போட்டேன். என் மகளுக்கும் அப்போது பன்னிரண்டு வயது.

"அந்த ஆள்ட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க," என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாளை நீட்டினேன்.

"என்ன எழுதிருக்கு, அண்ணாச்சி?"

"நடந்தத எழுதியிருக்கு."

"நீங்க சொன்னா சரிதான்."

கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி அவருக்கு ஒரு நகல் கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்த நாளிலிருந்து, வாடை முனை என்ற பெயரைத் துறையில் யாரும் சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் சண்டை போட்டேன். சொன்னவனோடு பேசாமல்கூட இருந்தேன். அப்படித்தான் அது மதகு முனை ஆனது. "எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்காதே, என்ன தெரிகிறது என்று கேள்" என்று போன் பக்கத்தில் எழுதி ஒட்டியதும் நான்தான். எல்லாரும் அது என் அனுபவத்தில் வந்தது என்று நினைக்கிறீர்கள். அது தண்ணீரில் இறங்காத அக்காவின் கேள்வி. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கேட்டு நான் உறுதி செய்ததில் என் தப்புதான் உறுதியானது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூத்துக்குடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வரும். கருவாடு. பஸ்ஸில் கொண்டுவந்து கொடுக்கும் கண்டக்டர், "இந்த வாடையோட மலை ஏறி வர்றதுக்குள்ள பாசஞ்சரெல்லாம் என்னையத் திட்டுறாங்க," என்பார். அந்த மனிதர்தான் அனுப்புகிறார். எட்டு வருஷமாக நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை என் மகள் கடித்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தது அவர் அனுப்பிய கருவாடு.

நான் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய் அவரைப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாளில் என்ன இருந்தது, அது இப்போது பாடமாகிவிட்டது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்பது வரைக்கும். அந்தப் பக்கம் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேன், அண்ணாச்சி. அந்தத் தாளு எங்களுக்குத் தெரியுமே."

"தெரியுமா?"

"நகல் குடுத்தியள்லா? பஸ்ஸு மலை எறங்கி வத்தலக்குண்டு போறதுக்கு முன்னாடியே எம் மவ வாசிச்சுக் காட்டிட்டா. 'அப்பா, நீங்க தப்பா சொன்னதா எழுதியிருக்கு'ன்னு ஒரே அழுகை."

"எட்டு வருசமா ஒரு வார்த்தை கேக்கலையே?"

"என்னத்தக் கேக்க? நீங்க சொல்லுவியன்னு இருந்தோம். நான் அன்னைக்கே மறந்துட்டேன், அண்ணாச்சி. எம் மவதான் ஒவ்வொரு வருசமும் பொட்டலம் கட்டும்போது கேப்பா, 'அந்த மாமா இன்னும் சொல்லலையாப்பா?'ன்னு. இன்னைக்கு அவட்ட சொல்லிருதேன்."

அவ்வளவுதான் பேசினார். வலை இழுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

பிள்ளைகளா, இப்போதைய மேலாளரைப் பார்த்து அந்த வாக்கியத்தை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய கோப்பைத் திருத்த முடியாது, யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் யோசிக்கட்டும். அதுவரைக்கும் உங்கள் நோட்டில் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பயணி தாம் இருந்த இடத்தைச் சரியாகத் தெரிவித்தார். கேட்டவன் தவறாகக் கேட்டான். கேட்டவன் நான்.

எழுதி முடித்து என் மகளிடம் முதலில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கருவாட்டுப் பொட்டலத்தில் மீதி இருந்ததை எடுத்துப் பார்த்தாள், பிரித்த தாளை நான்காக மடித்து மறுபடி கட்டி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணு விட்டுப் போச்சுப்பா," என்றாள். "ட்ரெயினிங்ல அன்னைக்கு எல்லாரையும் விட சத்தமா சிரிச்சது நான்தான். அதையும் சேத்து எழுதுங்க."

சேர்த்துவிட்டேன்.